சம்பளக் கணக்கு

நிபோங் திபால், மலேசியா

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். அவளுடைய முட்டிவலி பற்றி அவளே போனில் சொல்லியிருப்பாள்.

நீ சனிக்கிழமை போகும் பறவைகள் சரணாலயத்தில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், உங்களைப் போன்ற தொண்டர்களே கதவைத் திறந்து கழிவறையும் கழுவுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். "அமெரிக்காவிலுமா?" என்றாள் அம்மா. எனக்கு ஆச்சரியமில்லை. தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு எழுதியவன் நான். பணமுடை வந்தால் தோட்ட மேலாளரான துரை முதலில் கைவைப்பது புல்வெட்டிலும் வாய்க்கால் வேலையிலும்தான். அந்த மாதக் கணக்கு அழகாக இருக்கும். அப்புறம் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கும்போது, குறைத்த துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருப்பார்.

அங்கே வாத்து வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய அரசு முத்திரை, நீ சொன்ன அந்த வாத்து முத்திரை பற்றியும் படித்துப் பார்த்தேன். 1934இலிருந்து விற்கிறார்கள், இப்போது 25 டாலர். ஒரு டாலரில் 98 காசு சரணாலயங்களுக்கு நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறதாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவனின் சம்பளம் அதில் வராதே! அதற்கு ஆண்டுதோறும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் மனது வைக்க வேண்டும். இப்படியே அமெரிக்க மத்திய அரசின் சரணாலயங்கள் 560ஐத் தாண்டிவிட்டன. ஒரே மேலாளர் பல இடங்களைச் சுமக்கிறார். 1903இல் ஃபுளோரிடாவின் பெலிக்கன் தீவை அவற்றில் முதல் சரணாலயமாக அறிவித்தபோதும் இதே கதைதான். காவலர் பால் குரோகெலுக்கு மாதம் ஒரு டாலர். அதையும் அரசாங்கம் கொடுக்கவில்லை, பறவை ஆர்வலர்கள்தான் கொடுத்தார்கள்.

இங்கே ஆற்றோரப் பாக்காவ் காட்டில், அதாவது அலையாத்திக் காட்டில், நாங்களும் ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்குகிறோம். பலகைப் பாதையில் ஒரு பலகை உப்புத் தண்ணீரில் ஊறி உளுத்துவிட்டது. ஆணி துருவேறி, காலை வைத்தால் மறுமுனை எழும்புகிறது. இரண்டு பக்கமும் ராஃபியா கயிறு கட்டி 'பஹாயா' (ஆபத்து) என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். பலகை வாங்கிக் கொடுக்க நம் மளிகைக் கடைக்காரர் தயார், அடிக்க என்னிடம் சுத்தியலும் உண்டு. ஆனால் அனுமதி தர ஆளில்லை. சாமான் அறையின் சாவி வைத்திருந்தவர் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார், வேறு ஆள் போடவில்லை. சாவி இல்லையென்றால் கையுறையும் சாக்கும்கூட எங்கள் காசுதான். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் யார் பொறுப்பு? இளம் பிள்ளைகள் சிலர் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது 2019இல், 60 மில்லியன் ரிங்கிட். 2024 பட்ஜெட்டில் அது 200 மில்லியன். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்புப் பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் கிடைக்கும் பணம் மாதச் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. யாரும் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்டுவதில்லையே.

உங்கள் தொண்டர் குழு நிதி திரட்டுகிறது என்றாய். பதாகை, டி-சட்டை என்று இறங்கிவிடாதீர்கள். ஒரு பகுதிநேர ஆளுக்கு ஒரு வருடச் சம்பளம் கட்டும் அளவுக்குச் சேருமா, அதைச் சட்டப்படி கொடுக்க வழி உண்டா என்று முதலில் கேள். அப்புறம், தீபாவளிக்கு எங்களுக்கு அனுப்பும் பணத்தில் கொஞ்சம் எடுத்து இங்குள்ள காட்டுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டாயே. கொடு. "ஆள் சம்பளத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கொடு, ரசீதும் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அப்பா