டுக்காடமும் உர்ருத்தியும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை அவரே படிக்கிறார்.

சரி, நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். கால்பந்தில் ஆட்டம் சமனாக முடிந்தால், இரு அணியும் மாறி மாறி கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து உதைக்கிற பெனால்ட்டியில் கோப்பையைத் தீர்மானிப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி என்கிறாய். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1986 மே 7 அன்று ஸ்பெயினின் செவில்லாவில் நடந்த, ஐரோப்பாவின் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பார். ஒரு பக்கம் பார்சிலோனா, எதிரே ருமேனியாவின் ஸ்டெயாவா புகாரெஸ்ட். மைதானம் முழுக்க பார்சிலோனா ரசிகர்கள். சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சியில் ருமேனியர்கள் நினைத்தபடி வெளிநாடு போக முடியாதே! 120 நிமிடம் ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை. ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பெனால்ட்டியில்தான் உயிரே வந்தது. ஸ்டெயாவா கோல்கீப்பர் ஹெல்முட் டுக்காடம் முதல் உதைக்குத் தன் வலப்பக்கம் பாய்ந்து பார்சிலோனாவின் அலெக்சாங்கோ அடித்த பந்தைத் தடுத்தார். அடுத்து பெட்ராசா. ‘ஒரு தடவை வலப்பக்கம் போனவன் இந்தத் தடவை மாற்றுவான் என்றுதானே உதைப்பவன் நினைப்பான்’ என்று கணக்குப் போட்டு மறுபடி வலப்பக்கமே பாய்ந்தார். பந்தும் அங்கேதான் வந்தது. மூன்றாவது பிச்சி அலோன்சோ, அதுவும் வலப்பக்கம். நான்காவதாக மார்கோஸ் வந்தபோது இடப்பக்கம் பாய்ந்தார், அதையும் பிடித்துவிட்டார். வரிசையாக நான்கு! இதையா குலுக்கல் என்கிறாய்? எதிராளியின் மனதைப் படிக்கிற வேலை அது. ஸ்டெயாவா பக்கம் லகாடுஷ் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது, பாலின்ட் இன்னொன்று போட்டார். 2-0. கிழக்கு ஐரோப்பாவுக்கு முதன்முதலாக அந்தக் கோப்பை போனது.

அந்த ஆண்டே டுக்காடமின் வலது கையில் ரத்தக்குழாய் வீங்கி, ரத்தம் உறைந்து, ஆட்டமே நின்றுபோனது. மூன்று ஆண்டு கழித்து அராத் நகரத்தில் ஒரு சின்ன அணிக்குத் திரும்பி ஆடினார், ஆனால் பழைய உயரத்துக்குப் போக முடியவில்லை. சௌசெஸ்குவின் மகன்தான் அவர் கையை உடைக்க வைத்தான் என்று ஊரெல்லாம் கதை கட்டினார்கள். அவரே அதை மறுத்தார். 2024 டிசம்பரில் 65 வயதில் காலமானார்.

ஆனால் எனக்கு அதிகம் வலிப்பது உர்ருத்தியை நினைத்துத்தான். பார்சிலோனாவின் கோல்கீப்பர். ஸ்டெயாவாவின் முதல் இரண்டு உதைகளையும், மஜேயாருவுடையதையும் பொலோனியுடையதையும், அவர் தடுத்தார். ஓர் இறுதி ஆட்டத்தில் இரண்டு பெனால்ட்டியைத் தடுத்தவன் ஜெயித்திருக்க வேண்டாமா? அவர் தன் வேலையைச் செய்துவிட்டார், அவர் அணியில் உதைக்கப் போனவர்களில் ஒருவர்கூட கோல் போடவில்லை. 2001இல் கார் விபத்தில் இறந்துபோனார். செவில்லா என்றதும் எல்லோரும் டுக்காடம் பெயரைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும், அவர் அதற்குத் தகுந்தவர்தான். பக்கத்தில் இவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்தப் பெனால்ட்டிகள் யூடியூபில் இருக்கின்றன. முதல் இரண்டு உதைகளுக்கு உர்ருத்தியையே பார். அப்புறம் எனக்குப் பதில் எழுது. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்