நகக்கண்ணில் கறுப்பு

மன்னார்குடி,
ஐப்பசி 20

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மழை விட்டபாடில்லை. ஹரித்ரா நதி தெப்பக்குளத்தில் நாலு படிதான் வெளியே தெரிகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து உங்கள் டொபாங்கா மலையில் மழை இல்லை, காற்று ஆரம்பித்துவிட்டது என்று அக்கா சொன்னாள். சாண்டா ஆனா என்று புனிதவதியின் பெயரை வைத்துக்கொண்டு குணத்தில் கொள்ளிவாய்ப் பிசாசாக இருக்கிறதே அந்தக் காற்று! பாஸ்போர்ட், கிரீன் கார்டு, சார்ஜர் மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். பை கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வண்டியை முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்து. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஜனவரியில் நாங்கள் பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. 7-ஆம் தேதி பாலிசேட்ஸில் பிடித்த தீ உங்கள் பக்கம் திரும்பிவிட்டது, டொபாங்காக்காரர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொன்னார்கள். உன் போன் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் எடுக்கவில்லை. அம்மா டிவியின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். கடற்கரைக்கு இறங்குகிற இடத்தில் மீன் சாப்பிட்டோமே, ரீல் இன், அது சாம்பலாகிப் போனதைத் திரையில் பார்த்ததும் "அந்தக் கடைய்யா" என்று கத்தினாள். மீன் சப்பென்று இருந்ததாகச் சொன்னவளும் அவள்தான். கடற்கரைக்குப் போகிற ரோட்டை எத்தனை மாதம் மூடி வைத்தார்கள்! அதற்கு முந்தின வருஷம் மலை சரிந்து மூடினார்கள். 1993 நவம்பரில் ஓல்டு டொபாங்காவில் பிடித்த தீ கடல் வரைக்கும் போனதாம். இதெல்லாம் நீ சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. பேத்தி போனில் தேடிப் படித்துக் காட்டினாள்.

அங்கேதான் இருப்பேன் என்கிறாய். சரி. ஏன் என்று கேட்கவில்லை. 2023-ல் வந்தபோதே எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மலிபு பெருமாள் கோயிலுக்குத்தான் போகிறோம் என்று அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் நீ காட்டுக்குள் திருப்பி நாடகம் பார்க்க உட்காரவைத்துவிட்டாய். மலைச்சரிவில் மரப் பலகை இருக்கை, கூரை கிடையாது. நடிகர்கள் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த இடத்தை உண்டாக்கின நடிகர் வில் கீர் கதையை நீ காரில் சொன்னாயே, அது அப்படியே நினைவிருக்கிறது. 1951-ல் கம்யூனிஸ்டா என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டுக் கேட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. சினிமாக்காரர்கள் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு இந்த மலையில் நிலம் வாங்கி, காய்கறி போட்டு விற்றுப் பிழைத்தார். தன்னைப் போல வேலை போன நடிகர்களும் பாட்டுக்காரர்களும் வந்து நடிக்கவும் பாடவும் அங்கே இடம் கொடுத்தார். தாவரவியல் படித்தவர் என்பதால் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற செடிகளைத் தேடித் தேடி நட்டார். அவருடைய அஸ்தியைக்கூட அந்தத் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். அமெரிக்கா முழுக்க வீட்டு டிவியில் அவரைத் தாத்தாவாகப் பார்த்தது 'வால்டன்ஸ்' தொடரில். 1972-ல் அது தொடங்கியபோது அவருக்கு வயது 70.

70 என்பதை நீ இரண்டு தடவை சொன்னாய். ஏன் இரண்டு தடவை சொல்கிறான் என்று அன்றைக்கு யோசித்தேன்.

பாட்டுக்கார உட்டி கத்ரீ கொஞ்ச காலம் தங்கிய குடிசை அதே இடத்தில் இருக்கிறது என்று காட்டினாய். அப்போதே அவருக்கு நரம்பு நோய் ஆரம்பித்துவிட்டதாம். அம்மா அதன் வாசலில் நின்று, "சமையலுக்கு எங்கே இடம்?" என்று கேட்டாள். நீல் யங் தன் வீட்டின் அடித்தள அறையிலேயே 1970-ல் முக்கால்வாசி இசைத்தட்டைப் பதிவு செய்தார் என்றாய். பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். மூக்கால் பாடுகிறார். எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, தப்பாக நினைக்காதே. 1969-ல் அதே மலையில் ஒரு இசை வாத்தியாரை அவர் வீட்டிலேயே வைத்துக் கொன்றார்கள் என்பதை நீ சொல்லவே இல்லை. தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் ராத்தங்க இடம் கொடுக்காதே. தனியாக இருக்கிறாய். (கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். எடுக்கவில்லை.)

என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் அந்தக் கலைஞர் வாலஸ் பெர்மன்தான். நீ கொடுத்த படப் புத்தகம் இன்னும் என் கட்டிலடியில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்க்கிறேன். 'செமினா' என்று ஒரு பத்திரிகை. 1955-லிருந்து 1964 வரை மொத்தமே 9 இதழ். சின்னக் கைஅச்சு மெஷினில் தானே அடித்து, பெரும்பாலும் தைக்காமல் உதிரித் தாளாகவே உறையில் போட்டு, நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். விலை கிடையாது. சந்தா கிடையாது. அது எப்படித் தம்பி முடியும்? தாள் யார் கொடுத்தார்கள், மை யார் கொடுத்தார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன், எந்தப் பக்கமும் நேராகவில்லை. 1957-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்காட்சி வைத்தபோது ஆபாசம் என்று போலீஸ் பிடித்துப் போய், 150 டாலர் அபராதம் போட்டார்கள். அதையும் டீன் ஸ்டாக்வெல் என்கிற நடிகர் நண்பர்தான் கட்டினார். அப்புறம் பெர்மன் கண்காட்சி பக்கமே அதிகம் போகவில்லை. 1965-ல், இருந்த வீடு மண்சரிவில் போனதும், டொபாங்காவுக்குக் குடிவந்தார்.

அவர் எழுதின ஹீப்ரு எழுத்துகளைப் பார்த்தேன். சேர்த்துப் படித்தால் ஒரு வார்த்தையும் வராதாமே. எங்கள் அச்சுத் தொழிலில் அதற்குக் கொட்டிப்போன கேஸ் என்று பெயர். எழுத்துப் பெட்டியைக் கொட்டியவன் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். ஆனால் பூதக்கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தையும் அவர் உட்காரவைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால், எழுத்தைக் கையால் தொட்டவன் என்று தெரிகிறது. பொருள் வராவிட்டாலும் எழுத்து எழுத்துத்தானே.

அவர் போனதும் அந்த மலையில்தான், கார் விபத்தில். 1976 பிப்ரவரி 18, அவருடைய 50-ஆவது பிறந்தநாள். குடித்துவிட்டு வந்தவன் மோதிவிட்டான். நீ தினமும் போய்வருகிற வளைவுகள் அவை. எதிரில் வருகிறவன் நிதானமாக இருக்கிறான் என்று நம்பாதே. ராத்திரியில் போகவே போகாதே. வண்டியின் முகம் ரோட்டைப் பார்க்க இருக்கட்டும் என்று சொன்னேனா? சொன்னேன்.

பேத்தியின் பிறந்தநாள் அட்டை வந்து சேர்ந்தது. கடையில் வாங்கினது என்று அவளிடம் சொன்னாயாம். நல்ல பருத்தித் தாள். அரக்குச் சிவப்பும் கறுப்பும், மெஷினில் இரண்டு ஓட்டு. சிவப்பு ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளியிருக்கிறது. அட்டையின் முதுகைத் தடவிப் பார்த்தேன், எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் காலத்தில் இப்படி அமுக்கி அடித்தால் முதலாளி தாளைக் கிழித்து முகத்தில் எறிவார். எழுத்து தாளை முத்தமிட்டால் போதும், கடிக்கக் கூடாது என்பார். இப்போது கடிப்பதுதான் ஃபேஷன், அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். இருக்கட்டும். எழுத்துக்கு நடுவில் விட்டிருந்த இடைவெளி நன்றாக இருந்தது. யார் கோத்தார்களோ, கண் உள்ளவர்கள்.

போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசினாய். உனக்குக் காலை 8 மணி. முன்பெல்லாம் அந்த நேரத்தில் மீட்டிங் என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாய். பின்னால் குருவிச் சத்தம். "லீவாப்பா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காபியைத் தூக்கிக் குடித்தாய். வலது கட்டை விரல் நகக்கண்ணில் கறுப்பு. அம்மா அதைக் கார் கிரீஸ் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கறுப்போடு 38 வருஷம் சோறு சாப்பிட்டவன் நான்.

ஆகையால் பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். அங்கே யாராவது மை வேலை செய்தால், மை துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. மையில் ஆளிவிதை எண்ணெய் இருக்கும். குவித்துப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து காற்று தீயைக் கொண்டுவர வேண்டும் என்பதே இல்லை. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட வேண்டும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் தேய்த்துக் கை கழுவ வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பேத்திதான் போட்டோ எடுத்து அனுப்புவாள். இனி வருகிற பக்கத்தை மட்டும் நானே எடுத்து அனுப்பப் போகிறேன். கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

"அப்பா எனக்காக மெஷினை வித்தவர், அவர்கிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?" என்று நீ அக்காவிடம் கேட்டிருக்கிறாய். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெஷின் விஷயத்தை மட்டும் எழுதிவிடுகிறேன்.

2003-ல் உன்னைக் காலேஜில் சேர்த்த பணம் மெஷினை விற்ற பணம் இல்லை. அது அம்மாவின் வளையல் நான்கும், அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்த சங்கிலியும். ட்ரெடில் அச்சு மெஷினை இரும்புக் கடைக்காரனும், எழுத்தை ஈயக்காரனும் கிலோ கணக்கில் எடுத்துப் போனார்கள். அந்தப் பணத்தில் வந்ததுதான் ஸ்கூட்டர். காலேஜ் பஸ்ஸுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்ட அதே ஸ்கூட்டர்.

உனக்காக விற்கவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை ஆர்டர் எல்லாம் ஆஃப்செட்டுக்குப் போன பிறகும் கேஷ் பில், பிட் நோட்டீஸ் என்று கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது. நடத்தியிருக்கலாம். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நானும் ஒரு பத்திரிகை போட்டேன், உனக்கு 4 வயது. மூன்று இதழ். ஐந்து சந்தா, அதில் இரண்டு பேர் மாமாக்கள். நாலாவது இதழுக்கு எழுத்துக் கோத்து, கட்டி, கயிறு சுற்றிப் பலகையில் வைத்தேன். அடிக்கவில்லை. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பக்கங்கள் வருஷக்கணக்கில் தூசி படிந்து அப்படியே கிடந்தன. ஈயக்காரன் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் அப்படியே தராசில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாராவது ஏன் மூடினீர்கள் என்று கேட்டால், பையன் படிப்புக்காக என்று சொன்னேன். சொல்ல நன்றாக இருந்தது. கேட்டவர்கள் மரியாதை கொடுத்தார்கள். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்கு வட்டி கட்டத்தான் நீ இத்தனை வருஷம் அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தாய் என்றால், கட்டினது போதும்.

அம்மா மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுகிறாள். தகர டப்பாவுக்கு மூடி இருக்க வேண்டும், மறக்காதே.

அப்பா

பி.கு. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அச்சகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. நம் ஊரில் பிட் நோட்டீஸுக்குக்கூட அடியில் பெயர் போடுவோம். அடுத்த தடவை ஆறு பாயிண்ட் பொடி எழுத்திலாவது போடச் சொல்.