ரி.வி. பெட்டியில் செய்தவரின் பெயரையும் அச்சிடச் சொல்லுங்கள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

இலங்கையில் விற்கப்படும் ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியிலும் அதை உண்மையில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் வெளி அட்டையிலேயே தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பணிப்புரையை நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நான் கொட்டாஞ்சேனையில் ரி.வி. திருத்தும் கடை வைத்திருப்பவன். படக்குழாய்க் காலத்தில் தொழில் பழகி, இன்று எல்.ஈ.டி. பெட்டிகளோடு பிழைப்பு நடத்துகிறேன். முன்பக்கத்தில் மின்னும் பெயருக்கும் பின்மூடிக்குள் இருப்பதற்கும் உள்ள தூரத்தை நாள்தோறும் பார்க்கிறேன். அந்தத் தூரத்துக்கு விலை கொடுப்பது வாங்குகிற சனம்.

நம்மவர்களுக்கு ஒரு பெயர் மேல் ஏன் அவ்வளவு நம்பிக்கை என்பதைச் சொல்ல வேண்டும். 1979இல் சுயாதீன தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ஜப்பான் அரசின் நன்கொடையோடு ரூபவாஹினி வந்தது. அதற்குப் பிறகு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கட்டுநாயக்காவில் இறக்கிய அட்டைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு ஜப்பான் ரி.வி. இருந்தது. அந்தப் பெட்டிகள் உழைத்தன. இடி மின்னலையும் ஏறி இறங்கும் கரண்டையும் தாங்கி இருபது வருடம் ஓடியவற்றை என் கையாலேயே திருத்தியிருக்கிறேன். அந்த உழைப்புத்தான் தோஷிபா, ஷார்ப், ஹிற்றாச்சி, சன்சுயி என்ற பெயர்களை வீட்டுக்கு வீடு பதித்தது. பெயர்கள் இன்னும் கடையில் இருக்கின்றன. அவற்றை உண்டாக்கியவர்களில் பலர் ரி.வி. தயாரிப்பை விட்டே போய்விட்டார்கள்.

ஹிற்றாச்சி 2012இல் ஜப்பானில் தன் சொந்த ரி.வி. உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டு பிலிப்ஸ் தன் ரி.வி. தொழிலில் 70 வீதத்தை ரி.பி.வி. என்ற நிறுவனத்துக்குக் கொடுத்தது, 2014இல் மீதி 30 வீதத்தையும் கொடுத்துவிட்டு வெளியேறியது. தோஷிபாவின் ரி.வி. பிரிவில் 95 வீதத்தை 2018இல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கியது, பெயரை 40 ஆண்டுகள் பாவிக்கும் உரிமையோடு சேர்த்து. சன்சுயி கொம்பனியும் வங்குரோத்தானது. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி இன்னும் விற்கப்படுகிறது. கமராவும் பிலிம் சுருளும் செய்து பெயரெடுத்த கொடாக்கும் 2012இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்ட நிறுவனம்தான். இன்று இந்தியாவில் கொடாக் ரி.வி. விற்கிறது.

இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. பெயரின் சொந்தக்காரர், ஒரு நாட்டில், ஒரு வகைப் பொருளுக்கு, இத்தனை வருடத்துக்கு என்று பெயரை வாடகைக்கு விடுகிறார். வாடகைக்கு எடுத்தவர் விற்பனையில் ஒரு பங்கை அவருக்குக் கட்டுகிறார். ரி.வி.யைத் தானே செய்வாரா, சீனாவிலோ துருக்கியிலோ ஓர் ஆலையிடம் செய்விப்பாரா என்பது அவர் பாடு. “எல்லாக் கொம்பனியும் வெளியில்தானே செய்விக்கிறார்கள்” என்று சில வியாபாரிகள் சமாதானம் சொல்வதுண்டு. அது வேறு விடயம். ஒரு கொம்பனி தானே வடிவமைத்து, தன் ஆட்களைக் கொண்டு சோதித்து, பழுதானால் தானே பொறுப்பேற்கும் பொருளை வேறோர் ஆலையில் பூட்டுவிக்கலாம். அங்கே பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். பெயரை மட்டும் வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில், பெயருக்குரியவர் அந்தப் பெட்டியை ஒருதரம்கூடத் திறந்து பார்த்திராமல் இருக்கலாம்.

பெயரைக் கொடுத்தவருக்கே இது தலையிடியான கதையும் உண்டு. 2015இல் ஷார்ப் தன் மெக்சிக்கோ ஆலையையும் பிரேசில் தவிர்ந்த அமெரிக்கக் கண்டத்தில் தன் பெயரைப் பாவிக்கும் உரிமையையும் ஹைசென்ஸிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஷார்ப்பைத் தாய்வானின் பொக்ஸ்கொன் வாங்கியது. 2017இல் அதே ஷார்ப், தன் பெயரைத் தரம் குறைந்த ரி.வி.களில் ஒட்டிப் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று ஹைசென்ஸ் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஹைசென்ஸ் அதை மறுத்தது, வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பெயரின் சொந்தக்காரரே தன் பெயர் போட்ட பொருளின் தரத்துக்காக நீதிமன்றம் போக வேண்டி வந்தது என்றால், வெள்ளவத்தையில் தவணைக்கு ரி.வி. எடுக்கும் ஒருவர் எதை வைத்துத் தரத்தை அறிவார்?

நாட்டுக்கு நாடு ஆள் மாறுவது இன்னும் குழப்பம். ஐரோப்பாவில் தோஷிபா பெயரை 2016இல் எடுத்தது துருக்கியின் வெஸ்டெல். அதன் ஆலை மனிசா நகரில் இருக்கிறது. அதனால் லண்டனில் இருக்கும் அண்ணன் “எங்கள் தோஷிபா நல்லா ஓடுது” என்று தொலைபேசியில் சொல்ல, தம்பி கொழும்பில் அதே பெயரைத் தேடி வாங்கினால், இரண்டும் ஒரே ஆலையில் பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. பிலிப்ஸ் பெயர் ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் ஃபுனாயிடமும், ஐரோப்பாவில் ரி.பி.வி.யிடமும், இந்தியாவில் வீடியோகொன்னிடமும் இருந்தது. மறுபுறம், நொய்டாவில் இயங்கும் சூப்பர் பிளாஸ்ரோனிக்ஸ் என்ற ஒரே நிறுவனம் கொடாக், தொம்சன், புளோபங்க் என்ற மூன்று நாட்டுப் பெயர்களிலும் இந்தியாவில் ரி.வி. விற்கிறது. அமெரிக்கப் பெயரா, பிரெஞ்சுப் பெயரா, ஜெர்மன் பெயரா என்று கடையில் நின்று யோசிக்கும் குடும்பத்துக்கு அந்த யோசனையால் ஒரு பயனும் இல்லை.

இனி என் மேசைக்கு வாருங்கள். 43 அங்குலப் பெட்டி ஒன்றின் பின்மூடித் திருகாணிகளைக் கழற்றினால் ஒரு பக்கம் கரண்டைப் பகிரும் பவர் போர்ட், மறுபக்கம் படத்தையும் சத்தத்தையும் இயக்கும் மெயின் போர்ட், நடுவில் படம் தெரியும் திரையான பனலின் முதுகில் வெள்ளை ஸ்ரிக்கர். அதிலுள்ள இலக்கம் எச்வி என்று தொடங்கினால் பனலைச் செய்தது சீனாவின் பி.ஓ.ஈ. கொம்பனி, எல்சி என்றால் எல்.ஜி. டிஸ்பிளே என்று எங்களுக்குத் தெரியும். மெயின் போர்ட்டில் 17எம்பி என்று அச்சிருந்தால் அது வெஸ்டெல், முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. மூன்று வெவ்வேறு பெயர் போட்ட பெட்டிகளை அருகருகே திறந்து வைத்து, மூன்றிலும் ஒரே பச்சை போர்ட்டைப் பார்த்திருக்கிறேன். காட்சியறையில் அவற்றின் விலைகள் ஒன்றல்ல.

இதன் எதிர்ப்பக்கம் எனக்கு இன்னும் பெரிய தொல்லை. ஒரே பெயர், ஒரே மொடல் இலக்கம், வாங்கிய மாதம் மட்டும் வேறு. உள்ளே பனலும் வேறு, போர்ட்டும் வேறு. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் பட்டியில் 3 வோல்ற் பல்பு இருக்கும், அல்லது 6 வோல்ற் பல்பு இருக்கும். மொடல் இலக்கத்தை நம்பிப் புறக்கோட்டையில் பட்டி வாங்கினால் பொருந்தாது. மென்பொருளும் அப்படித்தான். வேறு பனலுக்குரியதை ஏற்றினால் படம் தலைகீழாக வரும், அல்லது ரிமோட் வேலை செய்யாது. தயாரித்த ஆலை எது, அதன் தொகுதி எண் எது என்று லேபலில் இருந்தால் சரியான பாகத்தை நேரே தேடி எடுத்துவிடலாம். அது இல்லாததால் திருத்தக்கூடிய ரி.வி.கள் பழைய இரும்புக்காரரிடம் போகின்றன.

கடந்த வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் ரி.வி.யைக் கொண்டு வந்தார். கொம்பனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. படம் பாதி இருண்டிருந்தது, வாறண்டிக் காலம் முடியவில்லை. வாங்கிய கடை, சேவை நிலையத்துக்குப் போகச் சொன்னது. சேவை நிலையம், அந்தப் பெயரின் உரிமை இப்போது வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டது, பழைய ஏஜென்சி கொண்டுவந்த பெட்டிகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றது. புதிய ஏஜென்சியும் அதையே சொன்னது. “தம்பி, ஜப்பான் சாமான் எண்டுதானே காசைக் கூடக் குடுத்து எடுத்தனான். இப்ப இது ஆற்ற சாமான் எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லை” என்றார். அவருக்கு என்னிடமும் பதில் இருக்கவில்லை. பேக்லைட்டை மாற்றிக் கொடுத்தேன். அந்தச் செலவு அவருடைய ஓய்வூதியத்திலிருந்து போனது. வாறண்டிக் கடதாசியில் கொம்பனியின் கொடி போன்ற பெரிய சின்னம் இருக்கிறது, பொறுப்பேற்கும் ஆளின் விலாசம் இல்லை.

பெயரை வாடகைக்கு எடுத்தவரே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. வீடியோகொன் 2018இல் வங்குரோத்து நடவடிக்கைக்குள் போனது. அமெரிக்காவில் பிலிப்ஸ், சான்யோ பெயர்களில் விற்ற ஃபுனாய் 2024 ஒக்டோபரில் ஜப்பானில் வங்குரோத்தானது. இப்படி நடக்கும்போது, தன் ரி.வி.யைச் செய்தது விழுந்த கொம்பனியா என்பதே வாங்கியவருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் என்று நினைப்பவர்கள் பலர் பார்கோட்டைப் பார்க்கிறார்கள். 49 என்று தொடங்கினால் ஜப்பானில் செய்தது, 479 என்றால் இலங்கையில் செய்தது என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அந்த இலக்கம், பார்கோட்டை எந்த நாட்டு அமைப்பில் பதிந்தார்கள் என்பதை மட்டுமே காட்டும், ஆலையைக் காட்டாது. “இலங்கையில் பொருத்தப்பட்டது” என்ற வரியும் முழு விடையல்ல. பனல் செய்யும் ஆலை இந்த நாட்டில் இல்லை. சரியான தகவலை யாரும் தராதபோது சனம் இப்படித் தவறான அடையாளங்களைத்தான் பிடித்துக்கொள்ளும்.

உங்களிடம் அதிகாரம் இல்லை என்றால் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, லேபல் இடுவது பற்றி உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்புரை வழங்க உங்களுக்கு இடம் தருகிறது. 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக எண்ண வைக்கும் நடத்தையைத் தடுக்கிறது. ஜப்பானில் ஒரு கையும் படாத பெட்டிக்கு மேல் “ஜப்பானியத் தொழில்நுட்பம்” என்று பெரிய எழுத்தில் பலகை வைப்பது அந்தப் பிரிவுக்குள் வருமா என்று நீங்கள் ஆராய வேண்டும் என்று கேட்கிறேன்.

செய்ய முடியாத ஒன்றையும் கேட்கவில்லை. இந்தியா 2012இல் கொண்டுவந்த கட்டாயப் பதிவு ஆணையின்படி ரி.வி.யின் லேபலில் ஆர் எழுத்தோடு ஒரு பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அந்த இலக்கம் பெயருக்கு அல்ல, குறிப்பிட்ட ஆலைக்குக் கொடுக்கப்படுகிறது. பிலிப்ஸ் பெயரில் வரும் கணினி மொனிற்றர்களின் கையேட்டைப் பாருங்கள். பெயர் பிலிப்ஸுக்குச் சொந்தம், உரிமத்தின் கீழ் பாவிக்கப்படுகிறது, பொருளைத் தயாரித்ததும் விற்பதற்குப் பொறுப்பானதும் வாறண்டி தருவதும் ரொப் விக்ரறி இன்வெஸ்ற்மென்ட்ஸ் என்ற நிறுவனம் என்று எழுதியிருக்கிறது. நேர்மையான வசனம். அது பெட்டியை வாங்கி வீட்டில் பிரித்த பிறகு, கையேட்டில், சிறிய ஆங்கில எழுத்தில் கிடைக்கிறது. நான் கேட்பது அந்த ஒரு வசனத்தைத்தான். வாங்குவதற்கு முன்னால், அட்டையின் வெளியில், விலைச் சீட்டுக்குப் பக்கத்தில், வாங்குபவர் வாசிக்கும் மொழியில் அது இருக்கட்டும். மாத்திரை அட்டையைத் திருப்பினால் விற்றவர் யார், செய்தவர் யார் என்று தெரிகிறது. தவணையில் மாதக்கணக்கில் கடன் கட்டும் ஒரு பொருளுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

தயாரிப்பாளரின் பெயர் வியாபார இரகசியம், ஒப்பந்தம் அதை வெளியிட விடாது என்று இறக்குமதியாளர்கள் சொல்வார்கள். என்ன விலைக்கு வாங்கினார்கள், எத்தனை வீதம் கட்டுகிறார்கள் என்பது இரகசியமாகவே இருக்கட்டும். யார் செய்தது என்பதைக் குறடும் திருகாணிச் செலுத்தியும் வைத்திருக்கும் எவரும் கண்டுபிடிக்கலாம். அது இரகசியமாக இருப்பது வாங்குபவரிடம் மட்டும்தான். மலிவான ரி.வி.யை விரட்டுவதும் என் நோக்கமல்ல. ரி.பி.வி.யும் ஹைசென்ஸும் வெஸ்டெல்லும் இலட்சக்கணக்கில் ரி.வி. செய்யத் தெரிந்த பெரிய ஆலைகள், அவர்களுடைய நல்ல போர்ட்டுகளை நானே மெச்சியிருக்கிறேன். நன்றாகச் செய்பவரின் பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த தடவை சனம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கும்.

பணிப்புரையைத் தயாரிக்கும்போது திருத்துநர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். உரிமம் கைமாறினால் பழைய பெட்டிகளின் வாறண்டிக்கு யார் பொறுப்பு, உதிரிப்பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். கைவிடப்பட்ட ரி.வி.களின் பின் லேபல்களையும் மெயின் போர்ட்டுகளையும் கடையில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே போர்ட், வேறு வேறு பெயர்கள் என்று பிரித்து எழுதியும் வைத்திருக்கிறேன். திகதி சொன்னால் வொக்ஸ்ஹோல் வீதி அலுவலகத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தொலைக்காட்சி திருத்துநர்