பால்கனித் தோட்டத்துக்கு ரூபாய்க் கணக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வீட்டுத் தோட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செடி வளர்க்கும் பை, தேங்காய்நார்த் தூள், மண்புழு உரம் எல்லாவற்றுக்கும் ஆகும் செலவைச் சொல்லி, மாதக் காய்கறிச் செலவில் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கும் போட்டிருந்தீர்கள். மொட்டை மாடி முழுக்கத் தமக்கே என்று உள்ளவர்களுக்கு அது சரியாக வரலாம். அடுக்குமாடியில் ஒரு பால்கனியை மட்டும் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு வராது. மிச்சம் பிடிக்கலாம் என்று நம்பித் தொடங்குகிறவர்கள் மூன்றாம் மாதமே விட்டுவிடுகிறார்கள். எங்கள் குடியிருப்பிலேயே நாலைந்து வீடுகளில் மண் இறுகிப்போன பைகள் மூலையில் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. செடி வளர்ப்பதில் உள்ள சந்தோஷத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், கொல்லை உள்ள வீட்டில் வளர்ந்தவள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். முருங்கையை யாரும் தனியாகக் கவனித்த நினைவில்லை, அது பாட்டுக்குக் காய்க்கும். ரசத்தை இறக்கும் நேரத்தில்தான் அம்மா, "ஒரு இணுக்கு கறிவேப்பிலை பறிச்சுட்டு வா" என்பார். 2016இல் மகன் குடும்பத்தோடு தாம்பரத்துக்கு வந்துவிட்டோம். இரண்டாம் மாடி. பால்கனி ஒன்பதடிக்கு நாலடி, கிழக்குப் பார்த்தது. காலை பத்தரையோடு வெயில் போய்விடும். ஊரில் எழுந்ததும் கால் தானாகக் கொல்லைக்கு நடக்கும். இங்கே வந்த புதிதில், விடிந்ததும் எங்கே போய் நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

முதலில் வைத்தது ஒரே ஒரு கறிவேப்பிலைக் கன்று. அது இடுப்பளவு வளர்ந்த சமயத்தில், இலையின் மேல் குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நகர்ந்தது. புழு! நசுக்கிவிட நினைத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி விடவில்லை. சில நாளில் அது தோலை உரித்துப் பச்சையாகிவிட்டது. பேத்தி ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை அடிக்கும். அப்புறம் ஒரு நாள், மரம் ஏறுகிறவர் கயிற்றில் சாய்ந்து நிற்பது போல, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்து கூடாகிவிட்டது. அதற்குள் செடியில் பாதி இலை காலி. பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில், கறுப்பில் மஞ்சள் திட்டுகளோடு ஒரு வண்ணத்துப்பூச்சி ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்று பிறகு தெரிந்துகொண்டோம். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற செடிகளின் இலைகளில்தான் அது முட்டையிடுமாம். அன்றைக்குப் பேத்தி பள்ளிக்குப் போகத் தாமதமானது. இலை மறுபடி துளிர்த்துவிட்டது. அந்தக் காலைப்பொழுதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருஷம் அவசரப்பட்டு மாசியிலேயே விதை ஊன்றினேன். கொடி கிரில் கம்பி முழுக்கப் படர்ந்தது. சித்திரை போனது, வைகாசி போனது, ஒரு பூ இல்லை. விதை மேல் குற்றம் இல்லை. நாட்டுக் கொடி அவரை, பகல் பொழுது குறுகத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். அடுத்த தடவை ஆடியில் ஊன்றினேன். மார்கழிப் பனியில் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. பொங்கல் குழம்பில் எங்கள் பால்கனி அவரை இருந்தது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று அம்மா சொன்னதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்குள் இருந்த விஷயம் அறுபது வயதில், ஒரு பிளாஸ்டிக் பையின் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. காய் என்னவோ குறைவுதான். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ வந்திருந்தால் அதிகம்.

கஷ்டங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். கீழ்வீட்டு அம்மாவின் துணிகளில் எங்கள் தொட்டித் தண்ணீர் சொட்டி, அவர் மேலே வந்து சண்டை போட்டார். நியாயம்தான். அன்றே ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வாங்கி வைத்தேன். இப்போது என்னிடம் புதினா வாங்கிக்கொண்டு போகிறவர் அவர்தான். வெறும் செம்மண்ணை நிரப்பினால் நனைந்ததும் கனம் தாங்காது. செம்மண், தேங்காய்நார்த் தூள், மட்கிய உரம் மூன்றும் சமபங்கு கலந்தால் எடை குறையும். அவரைக் கொழுந்தில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி கறுப்பாக அப்பும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கிவிடும். ஆனால் ஆரஞ்சு நிறப் பொறிவண்டு வந்திருந்தால் தெளிக்காதீர்கள். அது அசுவினியைத் தின்றே தீர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகளில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிட வேண்டும்.

உங்கள் கட்டுரையில் தக்காளி, கத்தரி, வெண்டை என்று பட்டியல் இருந்தது. இவை ஆறு மணி நேரமாவது வெயில் கேட்கும். பாதிப் பால்கனிகளுக்கு அது கிடைக்காது. மூன்று மணி நேர வெயிலிலேயே புதினா, கற்பூரவல்லி, பிரண்டை, வெற்றிலைக்கொடி எல்லாம் நன்றாக வரும். சிறுகீரை தூவினால் இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் இவற்றைச் சொன்னால், முதல் மாதத்திலேயே கையில் ஏதாவது கிடைக்கும், விட்டுப்போக மனசு வராது. எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், நீர்க்கசிவு பயம். இப்படி எத்தனையோ குடியிருப்புகள் இருக்கும். அவர்களுக்காகப் பால்கனிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தத் திசை பார்த்த பால்கனியில் எது வரும் என்று வாசகர்களே எழுதட்டும்.

இன்னும் சில வாரங்களில் ஆடி பிறக்கிறது. தை மாதம் கொடியிலேயே நெற்றாக விட்டு எடுத்த அவரை விதைகளைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடிப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கு நாலு விதை என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். கீழ்வீட்டு அம்மாவும் ஒரு பை வாங்கிவிட்டாராம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்.