சென்சாரை மாற்றுமுன் வயரைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென அணைந்து, சற்று நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும் கோளாறுக்கு, ஸ்கேனரில் கிராங்க் சென்சாரின் (என்ஜின் சுழற்சியை உணரும் கருவி) பழுதுக் குறியீடு தெரிந்ததுமே சென்சாரையும், அதில் சரியாகாவிட்டால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான விலை உயர்ந்த இசியுவையும் மாற்றச் சொல்லும் போக்கு வேதனை அளிக்கிறது. அந்தக் குறியீடு எந்த மின்சுற்றில் குறை என்பதை மட்டுமே சொல்லும்; குறை சென்சாரிலா, வயரிலா, கனெக்டரிலா என்பதை மெக்கானிக்தான் சோதித்தறிய வேண்டும்.

என்ஜின் ஓடும்போதே வயர்க் கட்டைப் பகுதி பகுதியாக அசைத்துப் பார்த்தால் பல வண்டிகளில் குறை பிடிபட்டுவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை என்ஜினோடு இணைக்கும் எர்த் வயருக்கு ஓம் அளவு (மின்தடை அளவு) மட்டும் போதாது. ஓரிரு இழைகளே மிஞ்சிய வயர்கூட மீட்டரில் நல்லதாகத் தெரியும் என்பதால், ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே வோல்டேஜ் இழப்பை அளக்க வேண்டும்; அது 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பைச் சரிசெய்தே ஆக வேண்டும். எலி கடித்த வயர்களும் உண்டு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கியவை போன்ற கார்களில், கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பது மிக அவசியம்.

எந்த மின்பாகத்தை மாற்றுமுன்னும், எடுத்த அளவுகளைப் பில்லில் எழுதித் தருமாறு பணிமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாகன மின்பணியாளர்,
சென்னை.