டயாலிசிஸ் நடுக்கமும் எக்கோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கழுத்து ரத்தக்குழாயில் செருகிய கதீட்டர் என்ற குழாய் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, மெஷினில் போட்ட சிறிது நேரத்தில் பற்கள் தந்தியடிக்கக் குளிர் நடுக்கம் வந்தால், குழாயில் கிருமி ஏறிவிட்டது என்றே முதலில் கருத வேண்டும். பல நேரம் போர்வை, பாரசிட்டமால், ஓர் ஆன்டிபயாடிக் ஊசி என்று முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி போகாது.

ஊசிக்கு முன்பே, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரண்டு செட் ரத்தம் எடுக்க வேண்டும்: கதீட்டரிலிருந்து ஒன்று, புறங்கையிலிருந்து ஒன்று, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. பிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவைக்கு) ஒதுக்கிய கையில் குத்தக் கூடாது. மருந்து ஏறியபின் எடுத்தால் கிருமி வளராமல் போய், பொய்யான ஆறுதல்தான் மிஞ்சும்.

கல்ச்சரில், இதய வால்வில் எளிதில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் கதீட்டரைக் கழற்றுவதோடு, இதயத்தின் ஸ்கேனான எக்கோவும் அவசியம். மார்பில் ஜெல் தடவிப் பார்க்கும் எக்கோ நார்மல் என்று வந்ததுமே நிம்மதியடைந்துவிடக் கூடாது. சில மில்லிமீட்டரே உள்ள கிருமிக் கட்டி அதில் தப்பிவிடும். சிறுநீரக நோயாளிகளின் வால்வில் படியும் கால்சியம் வெள்ளையாகத் தெரிந்து, கட்டியை மறைத்துவிடும். கதீட்டர் முனை இருக்கும் இடமும், அதாவது மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையில் சேரும் இடமும், மார்பு வழியே சரியாகத் தெரியாது.

உணவுக்குழாய் வழி எக்கோவில் கருவி இதயத்துக்கு நேர் பின்னால் நிற்பதால் இவை தெளிவாகத் தெரியும். இதற்குத் தேவை: 6 மணி நேரம் வெறும் வயிறு, பல்செட்டைக் கழற்றுதல், தொண்டையை மரக்கச் செய்யும் ஸ்பிரே, லேசான மயக்க ஊசி. விழுங்கச் சிரமமோ ரத்த வாந்தியோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸுக்கு மறுநாள் செய்வது நல்லது: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெபாரின் மருந்தின் வேகம் அடங்கியிருக்கும், நீரும் இறங்கியிருப்பதால் மூச்சு வாங்காமல் படுக்கலாம். முதல்முறை ஒன்றும் தெரியாமல் சந்தேகம் நீடித்தால் 5 முதல் 7 நாளில் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கதீட்டர் முனையில் படியும் சாதாரண ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) இழையும் கட்டிபோலத் தெரியும், கல்ச்சரோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வால்வில் தொற்று உறுதியானால் பொதுவாக 6 வாரம் ஆன்டிபயாடிக் ஊசி தேவை. காய்ச்சல் நின்றதும் பாதியில் விட்டால் வால்வு அரிபடும், கட்டி உடைந்து மூளைக்கும் போகலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் அந்த ஊழியர்கள், கதீட்டர் தோலுக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு, சீழ், நனைந்த கட்டு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை போன்ற ஊர்களிலிருந்து வருபவரை எக்கோவுக்காக மறுபடி மறுபடி அலையவிடக் கூடாது. கல்ச்சர் பாசிட்டிவான டயாலிசிஸ் நோயாளிக்கு எக்கோ வரிசையில் முதலிடம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆணையிட வேண்டும்.

– டயாலிசிஸ் பிரிவு செவிலியர்கள், தருமபுரி