பருப்புத் தண்ணீர் போதாது, பருப்பையே கொடு

ரங்கூன்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை, பாதியில் லைனும் போய்விட்டது. பேரன் விஷயத்தை அவசரமாகப் பேசி முடிக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றேகால் வயதாகிறது, எடை ஏறவில்லை, முன்பு போலச் சாப்பிடுவதில்லை, புரோட்டீன் பவுடர் டின் வாங்கலாமா என்று கேட்டாய். தாய்லாந்துச் சரக்கு விற்கும் கடையில் மாப்பிள்ளை விலை விசாரித்துவிட்டு வந்தாராம். வாங்க வேண்டாம் கண்ணு. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள். மாப்பிள்ளையிடம் டின்னைத் திருப்பி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். சர்க்கரையும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் முதல் சில இடங்களில் இருந்தால், நீங்கள் விலை கொடுத்து வாங்குவது இனிப்பையும் மாவையும்தான்.

முதலில் எடையைப் பற்றி. பிள்ளை பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகிவிடும். அதற்கு அடுத்த ஒரு வருஷம் முழுக்க 2, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது, அது இயற்கை. குழந்தைகள் வார்டில் நான் வேலை பார்த்த காலமெல்லாம், இந்த வயதில்தான் தாய்மார்கள் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவன் ஓடியாடி விளையாடுகிறான், சிரிக்கிறான், ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறான் என்றால் பதற வேண்டாம். ஆனாலும் மாதம் ஒருமுறை கிளினிக்கில் எடை போட்டு அட்டையில் எழுதி வை. இரண்டு மூன்று மாதம் கோடு ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ டாக்டரிடம் காட்டிவிடு.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 13 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கெட்டியாக மசித்த பருப்பு கால் கப்பில் 4 கிராம், சின்னக் கிண்ணம் தயிரில் 3 கிராமுக்கு மேல். கூட்டிப் பார், முடிந்துவிட்டது. நீ கொடுக்கும் தாய்ப்பால் இதற்கு மேல். அதை நிறுத்தாதே, இரண்டு வயது வரையும் அதற்கு அப்பாலும் கொடுக்கலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உன் அத்தை மதியம் பருப்புத் தண்ணீரில் சோற்றைக் கரைத்து ஊட்டுகிறார்கள், ராத்திரி கோழி சூப் தண்ணீர் என்று சொன்னாய். பிள்ளைக்குச் செரிக்க வேண்டுமே என்ற அன்பில் செய்கிறார்கள், நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் செய்ததுதான். ஆனால் சத்து மேலே நிற்கும் தண்ணீரில் இல்லை, அடியில் தங்கியிருக்கும் பருப்பில் இருக்கிறது. சூப்பும் அப்படித்தான், புரதம் முக்காலும் கறித்துண்டில் நின்றுவிடுகிறது. பெரியவர்கள் கறியைச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீரைக் கொடுக்கிறோம். அவன் வயிறு சின்னது. தண்ணீரால் நிரம்பிவிட்டால் மறுபடி பசிக்கவே நேரமாகும், அந்த வேளைச் சாப்பாடு வீண். வார்டில் நோஞ்சானாக வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் வேளா வேளைக்குச் சாப்பிட்டவர்கள்தான். சாப்பிட்டதெல்லாம் தண்ணீராக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தையிடம் இதைத் தப்பு என்று சொல்லாதே. நீயே முந்திக்கொண்டு அடிப்பருப்பை மசித்து அதே கிண்ணத்தில் சேர்த்துவிடு. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்லச் சரிய வேண்டும், அதுதான் பதம். ஊட்டுவது அவர்கள் கையாகவே இருக்கட்டும்.

உங்கள் ஊரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்றாயே, அது பருப்பின் குற்றம் இல்லை. ஷான் மலையில் நீ இருக்கும் தவுங்ஜி 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எவ்வளவு விறகு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர்தான் வழி. துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ரங்கூனில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட வை. தக்காளியையும் புளியையும் பருப்பு வெந்த பிறகு சேர், புளிப்பு முதலிலேயே விழுந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும். பாசிப்பருப்பு சீக்கிரம் குழையும், சின்னவனுக்கு அதுவே நல்லது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடு. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. நம் பொங்கலும் இட்லியும் இத்தனை காலம் பிள்ளைகளை வளர்த்தது இதனால்தான்.

அவித்த முட்டையின் மஞ்சள் கரு தொண்டையில் ஒட்டுகிறது, துப்பிவிடுகிறான் என்றால் அவித்துக் கொடுக்காதே. ஒரு முட்டையை அடித்து, அதைப்போல் இரண்டு மடங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி, மூடி போட்டுச் சின்னத் தீயில் ஆவியில் வை. ரங்கூனில் சீனக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இதைத்தான். நடுவிலும் நன்றாகக் கட்டியாகும் வரை இருக்கட்டும், உங்கள் உயரத்தில் அதற்கும் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும். இதற்குப் பல்லே வேண்டாம், நாக்கால் நசுக்கிவிடுவான்.

தொஹு கேட்டாய். தாராளமாகக் கொடுக்கலாம், நீ இருப்பது அது பிறந்த ஷான் சீமையாயிற்றே. ஒன்று மட்டும் தெரிந்துகொள். ஷான் தொஹு கடலை மாவில் செய்வது, அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். ஒரு சின்னக் கிண்ணத்தில் 2, 3 கிராம் புரதம்தான் தேறும். அதனால் முட்டைக்குப் பதில் என்று நினைக்காதே. வீட்டிலேயே தொஹு நுவே பதத்தில், அதாவது உறையவிடாமல் கெட்டிக் கூழாகக் கிண்டி, அடுப்பில் இருக்கும்போதே ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறிவிட்டால் நல்ல சாப்பாடு. மாவு பச்சை வாசனை போகக் கிண்டு, இல்லாவிட்டால் வயிறு உப்பும். சோயாவில் செய்யும் வெள்ளைத் துண்டில் புரதம் கூடுதல், 100 கிராமில் 8 கிராம் வரை இருக்கும். எண்ணெயில் பொரித்ததையும் காரச் சட்னியையும் கிட்டே கொண்டுபோகாதே.

அங்கே இன்லே ஏரிப் பக்கத்தில் மீனையும் சோற்றையும் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிப்பார்களே, என் மனதுக்கு மிகவும் பிடித்த குழந்தைச் சாப்பாடு அது. வெங்காய எண்ணெயும் மிளகாயும் இல்லாமல் பிசைந்து கொடு. ஏரி மீனில் மயிர்போல மெல்லிய முள் இருக்கும், கண்ணை நம்பாதே, விரல்களால் தடவித் தடவி எடு. மிதக்கும் தோட்டத்துத் தக்காளி அங்கே கொட்டிக் கிடக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். இந்த வயதில் புரதத்தைவிட இரும்புதான் பெரும்பாலும் குறைகிறது. வாரம் ஒருமுறை கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு, நன்றாக வேகவைத்து மசித்துச் சோற்றில் கலந்துவிடு. அதற்கு மேல் வேண்டாம், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

பசும்பால் கொடுத்தால் நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்து. பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துக்கொள்ளும். டீக்கடை டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது, அதில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை. டீயும் வேண்டாம், ஒரு வாய்கூட. இரும்பை உடம்பில் சேரவிடாது. ங்காப்பி மீன் விழுதும் அஜினமோட்டோவும் போடுவதற்கு முன்னால் அவன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடு.

முழு வேர்க்கடலை ஐந்து வயது வரை கொடுக்காதே, மூச்சுக்குழாயில் போய்விடும். வறுத்து மையாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். முதலில் நுனி விரல் அளவு கொடுத்துப் பார்த்து, தடிப்போ வாந்தியோ இல்லை என்றால் கூட்டு. கசந்த கடலை, பூஞ்சை பிடித்த கடலை ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பொட்டலத்தையே கொட்டிவிடு.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அடிக்கிறேன் என்றாய். அதை இன்றோடு விட்டுவிடு. விரலால் மசி, சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும். கடைவாய்ப்பல் வரும் நேரம் இது, மென்று பழக வேண்டும். கூழையே கொடுத்துக்கொண்டிருந்தால் பிறகு கட்டியைக் கண்டாலே ஓங்கரிப்பான். உட்காரவைத்து ஊட்டு, ஓடவிட்டுப் பின்னால் போகாதே. வாயை மூடிக்கொண்டால் கிண்ணத்தை எடுத்துவிடு, இரண்டு மணி நேரம் கழித்துப் பசியோடு வருவான். கரண்ட் அங்கேயும் போய்ப் போய் வருகிறது என்றாய், அதனால் மசித்ததைப் பிரிட்ஜை நம்பி ராத்திரிக்கு வைக்காதே. அந்தந்த வேளைக்குக் கொஞ்சமாகச் செய்துகொள்.

தோல் நீக்கிய உளுந்து, பாசிப்பருப்பு இரண்டும் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். நம் பர்மா உளுந்து இந்தியாவுக்கெல்லாம் கப்பலேறிப் போகிறது, உனக்கு அங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. உளுந்தை வறுத்துப் பொடித்தும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், கருப்பட்டி துளி மட்டும் போட்டுக் களி கிண்டலாம். வெள்ளிக்கிழமை அப்பா அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் பார்சல் போடுவார். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையை அங்கே பஸ் வந்து நிற்கும் கேட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல். வாங்கியதும் போன் பண்ணு. அத்தைக்கு அப்பளக்கட்டு தனியாக வைத்திருக்கிறேன், மறக்காமல் கொடு.

அன்புடன்,
அம்மா